வசந்தகால வான்கோழி வேட்டை: குடும்பமாகத் தயாராகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், தென்மேற்கு மூலையில், குன்றும் பள்ளத்தாக்குமாக விரிந்து கிடக்கிறது ட்ரிஃப்ட்லெஸ் பகுதி. நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஒன்பது வருடமாக அங்கேதான் வான்கோழி வேட்டைக்குப் போகிறோம். மகளுக்கு இப்போது பதின்மூன்று, மகனுக்கு ஒன்பது. "நாங்களும் வரலாமா, என்னென்ன வேண்டும்?" என்று நண்பர்கள் கேட்கக் கேட்கச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இங்கே சொல்வது விஸ்கான்சின் கணக்கு. உங்கள் மாநிலத்தின் அந்த வருட விதிப் புத்தகத்தைப் பார்க்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.

ஏன் வசந்தத்தில்? வான்கோழி என்றால் நவம்பர் நன்றி நவிலல் நாள்தானே?

அந்த நாளில் மேசைக்கு வருவது பண்ணையில் வளர்த்தது. காட்டு வான்கோழி வேறு பிறவி. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், அதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும், இரவில் உயர்ந்த மரக்கிளையில் அடையும். இலையுதிர் காலத்திலும் ஒரு சீசன் உண்டு. ஆனால் வசந்தம்தான் அதன் இனச்சேர்க்கைக் காலம். விடிவதற்கு முன்பே சேவல் மரத்தின் மேலிருந்து தொண்டை கிழியக் கத்தும். நாம் பெட்டை மாதிரி குரல் கொடுத்தால் பதில் சொல்லும், மனம் வந்தால் நம்மைத் தேடி நடந்து வரும். காட்டுப் பறவையோடு இப்படிப் பேச்சு வைத்துக்கொள்ள முடிவதுதான் பிள்ளைகளை இழுக்கிறது. என்னையும் அதுதான் இழுத்தது.

இப்படிச் சுட்டால் இனம் அழிந்துபோகாதா? பாவமில்லையா?

நியாயமான கேள்வி. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே கதை வேறு விதமாகப் போனது.

விஸ்கான்சினிலும் ஒரு காலத்தில் வான்கோழி அடியோடு இல்லாமல் போயிருந்தது. காட்டை வெட்டியதும் கட்டுப்பாடில்லாமல் சுட்டதும்தான் காரணம். 1881க்குப் பிறகு இம்மண்ணின் சொந்தப் பறவையை யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. 1976ல் மிசூரி மாநிலத்தில் பிடித்த காட்டுப் பறவைகளைக் கொண்டுவந்து இங்கே வெர்னன் மாவட்டத்தில் விட்டார்கள். பதிலுக்கு விஸ்கான்சின் தன் காட்டிலிருந்து ரஃப்ட் க்ரௌஸ் பறவைகளைக் கொடுத்தது. ஏழே வருடத்தில், 1983ல், மறுபடி சீசன் திறக்கும் அளவுக்கு அவை பெருகிவிட்டன. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி வரி உண்டு. அந்தப் பணமும் வேட்டை லைசென்ஸ் பணமும் வனவிலங்குப் பராமரிப்புக்குத்தான் போகின்றன.

வசந்தத்தில் சேவலையும், நெஞ்சில் தாடி மாதிரி மயிர்க்கற்றை தொங்கும் பறவையையும் மட்டும்தான் சுடலாம். ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும். சீசன் தொடங்குவதற்குள் பல பெட்டைகள் இணை சேர்ந்துவிடும். அதனால் ஒரு சேவல் குறைவதால் குஞ்சு குறையாது. பாவமா இல்லையா என்பதை அவரவர்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். கறிக்கடையில் பொட்டலமாக வாங்குவதைவிட, என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்வது எனக்கு மனசுக்கு நேர்மையாகப் படுகிறது.

எப்போது தயாராகத் தொடங்க வேண்டும்?

டிசம்பரில். சிரிக்காதீர்கள், உண்மையாகவே டிசம்பரில். வசந்த கால அனுமதிக்கான குலுக்கலுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் டிசம்பர் 10. விட்டுவிட்டால் மார்ச்சில் மிச்சமிருக்கும் அனுமதிகளை விற்பார்கள், அதில் வாங்கலாம். சீசன் ஏப்ரல் மூன்றாவது புதன்கிழமை தொடங்கும். ஏழேழு நாளாக ஆறு பிரிவு, மே கடைசி வரை. உங்களுக்கு எந்த வட்டாரம், எந்த வாரம் என்று அனுமதியிலேயே இருக்கும்.

முதல் பிரிவில் பனிகூடப் பெய்யும். மே நடுவில் காடு பச்சையாகிவிடும், கொசுவும் உண்ணியும் வந்துவிடும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் மே முதல் வாரத்தைச் சொல்வேன். குளிர் அவ்வளவு இல்லை. பெட்டைகள் முட்டையிடவும் அடைகாக்கவும் போய்விடுவதால் சேவல்கள் தனியாக அலையும், கூப்பிட்டால் வரும்.

1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்றிதழ் இருந்தால்தான் லைசென்ஸ் வாங்கலாம். பிப்ரவரி, மார்ச்சில் அந்த வகுப்புகள் சீக்கிரம் நிரம்பும். நானும் மகளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படித்தோம். தேர்வில் அவள் என்னைவிட இரண்டு மதிப்பெண் கூட.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி தொடலாமா?

இதில் கவனம் தேவை. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் (எச்-1பி, எல்-1, எஃப்-1 எல்லாம் இதில் வரும்) துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: அமெரிக்காவில் முறையாகக் கொடுக்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. லைசென்ஸ் முதலில், துப்பாக்கி அப்புறம். இந்த வரிசை மாறக்கூடாது. பயிற்சிக் களத்தில் நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்ப்பதும் இதில் அடங்கும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த விசாத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் தனி. குடியேற்ற விஷயத்தில் விளையாட்டு வேண்டாம், ஒரு வக்கீலிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். வில் அம்பு இந்தத் தடையில் வராது. என் நண்பர் ஒருவர் அப்படித்தான் தொடங்கினார்.

பிள்ளைகளை எந்த வயதில் கூட்டிப் போகலாம்?

பார்க்க வருவதற்கு நாலு வயதே போதும். என் மகன் நாலு வயதில் கூடாரத்துக்குள் என் மனைவியின் மடியில் தூங்கிக்கொண்டே வேட்டை கற்றான்.

சுடுவதற்கு வயதைவிடப் பிள்ளையின் குணத்தைப் பாருங்கள். சொன்னால் நிற்கிறதா, துப்பாக்கியின் வாயை எந்தப் பக்கம் வைத்திருக்கிறோம் என்ற நினைவு எப்போதும் இருக்கிறதா, பறவை பக்கத்தில் வந்தாலும் "சுடாதே" என்றால் கேட்குமா என்று பாருங்கள். இந்த மூன்றும் இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடம் பொறுங்கள்.

விஸ்கான்சினில் முதல் பிரிவு தொடங்குவதற்கு முந்தைய சனி ஞாயிறு, பதினைந்தும் அதற்குக் கீழும் வயதுள்ள பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கியது. பெரியவர் கூட இருக்க வேண்டும், சுடுவது பிள்ளை மட்டும். பாதுகாப்பு வகுப்பு முடிக்காத பிள்ளை வழிகாட்டியோடு வேட்டையாடலாம். வழிகாட்டி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும் என்பது விதி. அது விதியாக இல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் உட்காருவேன்.

துப்பாக்கி, தோட்டா பற்றிச் சொல்லுங்கள்.

இங்கே வான்கோழிக்கு ரைஃபிள் கூடாது. ஷாட்கன் (ஒரே தோட்டாவிலிருந்து பல சின்ன ரவைகள் பாயும் துப்பாக்கி) அல்லது வில். பெரியவர்களுக்கு 12 கேஜ், பிள்ளைகளுக்கு 20 கேஜ் போதும் (கேஜ் என்பது குழலின் அளவு, எண் கூடினால் குழல் சிறிது). இப்போது ஈயத்தைவிட அடர்த்தியான டங்ஸ்டன் ரவை அடைத்த தோட்டா கிடைப்பதால் சின்னஞ்சிறு .410 துப்பாக்கிகூட உதவுகிறது. விலை அதிகம்தான். ஆனால் உதை குறைவு, கறியில் ஈயம் சேராது. பிள்ளைக்கு அதுதான் நல்லது.

குறி உடம்பு அல்ல. தலையும் கழுத்தும் சேரும் இடம். உடம்பில் பட்டால் பறவை காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும். அதனால்தான் சீசனுக்கு முன் காகிதத்தில் சுட்டுப் பார்ப்பது கட்டாயம் என்கிறேன். ஒரு பெரிய தாளில் பத்து அங்குல வட்டம் வரையுங்கள். முதலில் 20 யார்டில், பிறகு 30, பிறகு 40. வட்டத்துக்குள் நூறு ரவையாவது விழுகிற தூரம்தான் உங்கள் எல்லை. அதே துப்பாக்கியில் சோக்கையோ (ரவை சிதறாமல் இருக்கக் குழலின் வாயைக் குறுக்கும் துண்டு) தோட்டாவையோ மாற்றினால் எல்லையும் மாறும். எனக்கு ஒரு தோட்டா 40 யார்டில் வட்டத்தை நிரப்பியது. இன்னொன்று, அதைவிட விலை அதிகம், 30 யார்டிலேயே சிதறியது. சுட்டுப் பார்க்காமல் காட்டுக்குப் போயிருந்தால் அது தெரிந்திருக்காது.

பிள்ளைகளை வான்கோழித் தோட்டாவில் பழக்காதீர்கள். அந்த உதையை ஒருமுறை வாங்கினால் அடுத்த தடவை விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வார்கள். லேசான தோட்டாவில் பழகட்டும். தாங்குகோல் வைத்து, உட்கார்ந்து, காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. பெரிய தோட்டா கடைசியில் ஒன்றே ஒன்று. என் மகளுக்கு நான் போட்ட எல்லை 25 யார்டு. அந்தத் தூரத்தில் முன்கூட்டியே ஒரு குச்சி நட்டுவிடுவேன். குச்சியைத் தாண்டி உள்ளே வந்தால்தான் அது நம் பறவை.

கூப்பிடும் கருவிகளில் எது வாங்குவது?

எங்கள் வீட்டில் பிப்ரவரி, மார்ச் முழுக்க இதுதான் நடக்கும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு கருவியை எடுத்துக்கொண்டு உட்காருவோம்.

பாக்ஸ் கால் (box call) என்பது மூடி வைத்த சின்ன மரப்பெட்டி. மூடியில் சாக்கட்டி தேய்த்து பெட்டியின் விளிம்பில் உரசினால் பெட்டை கூப்பிடுகிற மாதிரியே "யெல்ப், யெல்ப்" என்று வரும். ஆறு வயதுப் பிள்ளையும் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளும். ஆனால் மழையில் நனைந்தால் போச்சு, பிளாஸ்டிக் பையில் வையுங்கள். அடுத்தது கிண்ணம் மாதிரி உள்ள ஸ்லேட் கால். உப்புத்தாளால் மேற்பரப்பைத் தேய்த்துவிட்டு, குச்சியால் சின்ன வட்டமாக இழுக்க வேண்டும். தணிந்த குரலுக்கு இதைவிட நல்லது இல்லை. மூன்றாவது, வாய்க்குள் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் டயஃப்ரம். கை இரண்டும் சும்மா இருக்கும் என்பதால் பறவை நெருங்கி வரும்போது அதற்கு ஈடில்லை. பழக எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம், தொண்டைக்குள் போய்விடும்.

மூன்று குரல் தெரிந்தால் போதும். யெல்ப், "நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?" என்பது. க்ளக், பக்கத்தில் இருக்கும்போது போடும் ஒற்றைக் கொக்கரிப்பு. பர், நிம்மதியாக மேயும்போது தொண்டைக்குள் உருளும் முனகல். நாலாவது ஒன்று உண்டு, கற்றுக்கொள்ள அல்ல, அடையாளம் காண: "புட்!" என்று வெட்டினாற்போல் கேட்டால் அது உங்களைப் பார்த்துவிட்டது.

இது தவிர ஆந்தைக் குரல். இங்கேயுள்ள கோடிட்ட ஆந்தையின் எட்டசைக் கூவலை வாயாலேயே போடலாம். அதைக் கேட்டதும் மரத்தில் இருக்கும் சேவல் தன்னை அறியாமல் பதிலுக்குக் கத்தும், இருக்குமிடம் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் இதில் கெட்டிக்காரி என் மனைவி.

அதிகமாகக் கூப்பிடாதீர்கள். இதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. சேவல் இரண்டு தடவை பதில் சொல்லிவிட்டு அமைதியானால் அது போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். நடந்து வந்துகொண்டிருக்கலாம்.

இடம் பார்ப்பது எப்படி?

மாநில அரசின் பொது நிலங்கள் நிறைய இருக்கின்றன. விஸ்கான்சின் ஆற்றின் கீழ்ப்பகுதிக் கரைகளும் கிக்கப்பூ பள்ளத்தாக்கும் இந்தப் பக்கத்தில் பேர்போனவை. தனியார் நிலம் என்றால் விவசாயியிடம் குளிர்காலத்திலேயே போய்க் கேளுங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. நாங்கள் போகும் பண்ணையின் பெரியவர் முதல் தடவை யோசித்தார். மகள் "அங்கிள், கதவைத் திறந்தால் மூடிவிடுவோம்" என்றதும் சம்மதித்தார். ஒவ்வொரு வருடமும் வேலி கட்ட ஒரு சனிக்கிழமை போய்விட்டு வருகிறோம்.

மார்ச் கடைசியில் பிள்ளைகளோடு நடக்கப் போங்கள். ஈர மண்ணில் மூன்று விரல் தடம் தேடச் சொல்லுங்கள். காய்ந்த இலைகளைக் கிளறிவிட்ட இடம், மண் குளியல் எடுத்த பள்ளம், மணலில் இறக்கை நுனி இழுபட்ட கோடு என்று எல்லாமே தடயம்தான். எச்சத்தைப் பார்த்துக்கூட ஆணா பெண்ணா என்று சொல்லலாம்: சேவலுடையது ஆங்கில 'ஜே' எழுத்து மாதிரி நீளமாக வளைந்திருக்கும், பெட்டையுடையது சுருண்டு உருண்டை மாதிரி இருக்கும். என் மகனுக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே காட்டுக்கு வர வேண்டும்.

முந்தின நாள் மாலை, சூரியன் மறையும் நேரத்தில், தூரத்தில் நின்று காது கொடுங்கள். மரத்தில் ஏறும் இறக்கைச் சத்தம் கேட்கும். அடைந்த மரம் தெரிந்துவிட்டால் மறுநாள் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்த மரத்துக்கு நூறு யார்டுக்குள் மட்டும் போகாதீர்கள்.

என்ன உடுத்துவது?

வான்கோழிக்கு மோப்பம் பெரிதாக இல்லை, ஆனால் கண் பொல்லாதது. நிறம் தெரியும், தலையைக் கொஞ்சம் திருப்பினால் சுற்றிலும் தெரியும். தலையிலிருந்து கால் வரை காட்டோடு கலந்து மறைக்கும் கேமோ உடை, முகத்துக்கு வலை, கைக்கு உறை.

சிவப்பு, வெள்ளை, நீலம் உடம்பில் எங்கும் கூடாது. சேவலின் தலை அந்த மூன்று நிறம்தான். இன்னொரு வேட்டைக்காரர் புதருக்குப் பின்னால் அந்த நிறத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று யோசியுங்கள். காலுறை, பனியன் கழுத்து, பிள்ளையின் தின்பண்டப் பொட்டலம் எல்லாவற்றையும் வீட்டிலேயே பார்த்துவிடுவேன்.

பத்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் தரையில் விரிக்கும் கூடாரம், இங்கே ப்ளைண்ட் என்பார்கள், வாங்கிவிடுங்கள். உள்ளே நெளியலாம், பிஸ்கட் சாப்பிடலாம், படம் வரையலாம். உள்பக்கம் கறுப்பாக இருப்பதால் உள்ளே இருக்கிறவர்களும் கறுப்பு உடுத்துவது நல்லது.

எது ரொம்ப ஆபத்து?

மனிதன். வான்கோழி வேட்டையில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை வேட்டைக்காரரைப் பறவை என்று நினைத்துச் சுடுவதால் வருபவை. அதனால் எங்கள் வீட்டில் சில விஷயங்களில் பேச்சே கிடையாது.

சேவல் கத்தும் சத்தத்தை நோக்கிப் பதுங்கிப் போகக் கூடாது. அங்கே கத்துவது கருவி வைத்திருக்கும் இன்னொருவராக இருக்கலாம். தோள் அகலத்தைவிடப் பெரிய மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். வேறு யாராவது வந்தால் கையை ஆட்டவே கூடாது, பறவைக் குரலும் கொடுக்கக் கூடாது. அசையாமல் சத்தமாக மனிதக் குரலில் "நிற்கிறோம் இங்கே!" என்று சொல்ல வேண்டும். அன்றைய வேட்டை கெட்டால் கெடட்டும். சேவலை ஏமாற்றி இழுக்க வைக்கும் டெகாய் என்ற வான்கோழிப் பொம்மையையும் சுட்ட பறவையையும் ஆரஞ்சுப் பைக்குள் போட்டுத்தான் தூக்க வேண்டும். பறவை முழுசாக, தாடி கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் பாதுகாப்புத் தாழ் விலக வேண்டும்.

உண்ணிக் கடி?

இந்தப் பகுதியில் லைம் நோய் பரப்பும் கறுப்புக்கால் உண்ணி உண்டு. உடைகளுக்கும் காலணிக்கும் முந்தின நாளே பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளித்துக் காயவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது பூனைக்கு அது விஷம், வீட்டில் பூனை இருந்தால் வெளியே வைத்துச் செய்யுங்கள். தோலில் அதைப் போடக் கூடாது, தோலுக்கு டீட் அல்லது பிகாரிடின் உள்ள பூச்சிவிரட்டி. வீடு திரும்பியதும் குளியல், அப்புறம் அக்குள், காதுக்குப் பின், முழங்காலுக்குப் பின், தலைமுடி எல்லாம் பார்க்க வேண்டும். உண்ணி ஒட்டியிருந்தால் சின்ன இடுக்கியால் (ட்வீசர்) தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நோய்க்கிருமி உடம்புக்குள் போக, பொதுவாக ஒரு நாளுக்கு மேல் அது ஒட்டியிருக்க வேண்டும். அன்றன்றைக்குப் பார்த்துவிட்டால் பயம் குறைவு.

ஒரு நாள் காலை எப்படிப் போகும்?

மூன்றரைக்கு எழுந்திருப்போம். ஃபிளாஸ்க்கில் பால், இன்னொன்றில் காபி, எள்ளுருண்டை. சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்பிருந்துதான் சுடலாம். ஆனால் அதற்கும் அரை மணி முன்பே உட்கார்ந்துவிட வேண்டும். இருட்டில் முதல் சேவல் கத்தும்போது பிள்ளைகள் என் கையைப் பிடித்து அழுத்துவார்கள். ஒன்பது வருடத்தில் அது ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

காலை எட்டு மணிக்குள் ஒன்றும் வரவில்லை என்றால் பலர் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகள் தாங்கினால் இருங்கள். பெட்டைகள் கூட்டுக்குப் போன பிறகு, ஒன்பதரை பத்துக்கு, தனியான சேவல் தேடிக்கொண்டு வரும். தாங்காவிட்டால் உடனே கிளம்புங்கள். கட்டாயப்படுத்தி உட்கார வைத்த பிள்ளை அடுத்த வருடம் வராது.

பறவை கிடைத்தால் அப்புறம்?

மறுநாள் மாலை 5 மணிக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவு செய்துவிட வேண்டும். அதைப் பிள்ளையையே செய்ய விடுங்கள்.

சமையலில் நெஞ்சையும் காலையும் சேர்த்துப் போடாதீர்கள். நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும். உப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, சின்னத் துண்டாக்கி மிளகு வறுவல், உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கிவிட வேண்டும். கால் நடந்து நடந்து இறுகியது, குச்சி மாதிரி நரம்பு இருக்கும். சின்ன வெங்காயம், மல்லி, சோம்பு அரைத்துப் போட்டு குக்கரில் முக்கால் மணி நேரம் விட்டால் எலும்பிலிருந்து தானே கழன்று வரும், நரம்பை உருவிவிடலாம். அந்தக் குழம்புக்கு இட்லிதான். கறியில் தோட்டா ரவை இருக்கலாம், மெதுவாகக் கடிக்கச் சொல்லுங்கள்.

வால் தோகையை எறியாதீர்கள். அடிச்சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு வெண்காரம் தடவி, அட்டையில் விசிறியாக விரித்துக் குண்டூசி குத்தி சில வாரம் காயவிட்டால் சுவரில் மாட்டலாம். நடு இறகுகள் மட்டும் நீண்டிருந்தால் அது ஜேக், ஒரு வயது இளசு. விளிம்பு ஒரே சீராக இருந்தால் டாம், முதிர்ந்த சேவல்.

கடைசி நேரத்தில் பிள்ளை சுட மாட்டேன் என்றால்?

சரி என்று சொல்லுங்கள். போன வருடம் மகளுக்கு அப்படித்தான் ஆனது. பதினெட்டு யார்டில், வெயில் பட்டு இறகெல்லாம் செம்பாக மின்ன, ஒரு டாம் தோகை விரித்து நின்றது. தாழை விலக்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடி தாழைப் போட்டுவிட்டு, "அப்பா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே" என்று காதில் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அது பதினைந்து நிமிடம் எங்கள் பொம்மையைச் சுற்றி ஆடிவிட்டு மேட்டில் ஏறிப் போனது. இந்த டிசம்பரில் குலுக்கலுக்கு முதலில் விண்ணப்பம் போட்டது அவள்தான்.